நாக்கைப் பிடிக்கும் ஒரு சொல்

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மா, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ‘எங்கள் வீடு’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். கெட்டிக்கார மாணவி ஒருத்தி தங்கள் லயத்துக் காம்பராவை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு அறையைப் பற்றி எழுதும்போது ‘ஒஸ்டியர்’ (austere) என்ற சொல்லைப் போட்டிருந்தாள். அகராதியில் தேடி எடுத்தேன் என்றாள். நானும் சரி போட்டுக் கொடுத்துவிட்டேன். அன்றிரவு முழுவதும் அது நெருடிக்கொண்டே இருந்தது. அகராதியைத் திறந்தால் கடுமையான, கண்டிப்பான, எளிமையான, அலங்காரமற்ற, துறவு மனப்பான்மையுள்ள என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள். அதன் பெயர்ச்சொல்லான ‘ஒஸ்டெரிட்டி’யைப் பத்திரிகைகள் சிக்கன நடவடிக்கை என்கின்றன. கடுமையும் எளிமையும் சிக்கனமும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன? நான் போட்ட சரி, சரிதானா? ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா என்ற பெயர்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆஸ்திரேலியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இந்தச் சொல்லோடு எந்தச் சொந்தமும் இல்லை. இலத்தீனில் ‘ஒஸ்டர்’ என்றால் தென்றிசைக் காற்று. தெற்கே கிடக்கும் நிலம் என்பதால் அந்தக் கண்டத்துக்கு ஆஸ்திரேலியா என்று பெயர் வந்தது. ஆஸ்திரியா என்பது கிழக்குத் தேசம் என்று பொருள்படும் பழைய ஜெர்மன் பெயரின் இலத்தீன் வடிவம். ஒலி ஒத்துப்போவதால் மட்டும் சொற்கள் உறவாகிவிடுவதில்லை. இதை இந்தக் கடிதத்திலேயே இன்னொரு முறை சொல்லப்போகிறேன்.

பெரிய கேள்விக்கு அகராதி வேண்டாம். அடுப்பில் தண்ணீர் வையுங்கள். இரண்டு கரண்டி தேயிலையைப் போட்டு, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஊறவிட்டு, பாலும் சீனியும் சேர்க்காமல் ஒரு வாய் குடியுங்கள். விழுங்கிய பிறகு நாக்கைக் கவனியுங்கள். கசப்பு சிறிது நேரத்தில் போய்விடும். அதற்குப் பின்னும் ஒன்று நிற்கும். கன்னத்தின் உட்புறம் சுருங்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரியும். இப்போதுதான் நீர் குடித்த வாய், குடிக்கவே இல்லை என்பதுபோல வறண்டு கிடக்கும். நம் வீடுகளில் இதை ‘நாக்கைப் பிடிக்கிறது’ என்போம். நீங்கள் கேட்ட சொல் பிறந்த இடம் அதுதான்.

பழைய கிரேக்க மொழியில் உலர்ந்த, வறண்ட என்று பொருள்படும் ஒரு சிறு சொல் இருந்தது. அதிலிருந்து ‘அவ்ஸ்தேரோஸ்’ என்ற சொல் கிளைத்தது. வாயை உலரவைக்கிற, நாக்கைச் சொரசொரப்பாக்குகிற என்பது அதன் பொருள். முதிராத பழத்துக்கும் இனிப்பில்லாத திராட்சை மதுவுக்கும் இதைச் சொன்னார்கள். பிளேட்டோ தன் உரையாடல் ஒன்றில் சுவைகளை வகைப்படுத்தும்போது, நாக்கை மிகவும் சொரசொரப்பாக்கும் சுவைக்கு ஒரு பெயரும், அதைவிடக் குறைவாகச் செய்யும் சுவைக்கு இந்தப் பெயரும் கொடுக்கிறார். கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியரான பிளினி, புகழ்பெற்ற ஃபலேர்னிய மதுவில் மூன்று வகை உண்டு என்று எழுதினார். ஒன்று இனிப்பானது, ஒன்று மெல்லியது, இன்னொன்று இந்தச் சொல்லுக்குரியது. ஆகவே டீச்சர், இந்தச் சொல் முதலில் ஒரு சுவையின் பெயர். தமிழில் அந்தச் சுவைக்கு அட்சரம் பிசகாத பெயர் உண்டு: துவர்ப்பு.

சுவைக்கும் வறட்சிக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். தேயிலை, பாக்கு, காய்க் கொய்யா, வாழைப்பூ ஆகியவற்றில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் நம் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. வாயை வழுவழுப்பாக வைத்திருப்பது அந்தப் புரதங்கள்தாம். அவை திரண்டுபோனால் ஈரம் இருந்தும் வாய் வறண்டதாகத் தெரியும். பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதற்கும் இதுவே காரணம். எச்சிலில் உள்ள புரதத்தை விட்டுவிட்டு அவை பாலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. கிரேக்கர்களுக்குப் புரதம் பற்றித் தெரியாது. ஆனால் நாக்கு சொன்னதைச் சரியாகக் கேட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்த்தார். கொழுந்து வாடப்போடும் மேல்மாடியிலிருந்து சலிக்கும் அறைவரை எல்லா இடத்திலும் அவருக்கு வேலை இருந்தது. சுவை பார்க்கும் நாளில் வெள்ளைக் கோப்பைகளைக் கழுவி வரிசையாக அடுக்குவதும் அவர்தான். தேயிலையைத் தராசில் நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி வைத்து, ஐந்தாறு நிமிடம் கழித்து வடிப்பார்கள். பெரியவர்கள் கரண்டியால் அள்ளிச் சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டு நகர்வார்கள். அவர்கள் போன பிறகு மிச்சத்தை அப்பாவும் ருசி பார்ப்பார். ஆங்கிலத்தில் அவர்கள் என்ன குறித்துக்கொண்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் சொல்வார்: “இன்றைக்குச் சாயம் நன்றாக இருக்கிறது, நாக்கைப் பிடித்து விடுகிறது.” பிடித்து, விடுகிறது. இரண்டும் வேண்டும். பிடித்ததை விடாத தேயிலையை அவர் மதிக்கமாட்டார். ஊவாப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மலையைக் கடந்து வறண்டு வருகிற காற்று வீசும்போது கிடைக்கும் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நல்ல துவர்ப்பு குற்றமல்ல, அது குணம் என்பதை மலைநாட்டில் பிறந்த நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட சொல்லுக்குள்ளும் அந்த மதிப்பு இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். எனக்கு இந்தச் சொல்லின் மேல் இத்தனை பிரியம் ஏற்பட்டது இதனால்தான். நம் ‘துவர்’ என்ற சொல்லும் சுவையையும் வறட்சியையும் சேர்த்தே வைத்திருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில், அருவியில் ஆடி வந்த பெண்கள் கூந்தலைப் பிழிந்து ஈரம் புலர்த்துவதைக் கபிலர் ‘பிழிவனம் துவரி’ என்கிறார். அங்கே துவர்தல் என்றால் உலர்த்துதல். மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சியைப் பாடும் பாட்டில் அந்தச் சொல் வருவது எனக்குத் தனி மகிழ்ச்சி. மழையில் நனைந்து வரும் பிள்ளையைப் பார்த்துத் ‘தலையைத் துவட்டு’ என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். கன்னியாகுமரிப் பக்கத்தில் துண்டுக்குத் துவர்த்து என்று பெயர். மலையாளிகளின் தோர்த்தும் அதுவே.

இன்னும் ஒரு படி மேலே போகிறது தமிழ். துவர் என்பது மரப்பட்டையிலிருந்து எடுக்கும் செங்காவிச் சாயத்துக்கும் பெயர். அந்தச் சாயம் தோய்த்த உடை துவராடை. பௌத்தத் துறவிகள் உடுத்திய உடையைத் தேவாரம் அந்தப் பெயரால்தான் குறிக்கிறது. வடமொழியிலும் இதே கதை. கஷாயம் என்றால் துவர்ப்பு, காஷாயம் என்றால் துறவியின் உடை. பாளி மொழியில் உள்ள தம்மபதம், உள்ளத்தின் கறையைக் குறிக்கும் சொல்லையும் காவி உடையைக் குறிக்கும் சொல்லையும் அருகருகே வைத்து, கறை நீங்காதவன் காவி உடுத்தத் தகுதியற்றவன் என்று சொல்கிறது. இரண்டு சொல்லுக்கும் இடையில் ஒரு குறில் நெடில் வேறுபாடுதான். வேர், அடிமரம், பட்டை, இலை, பூ, காய் என்று ஆறு வகைச் சாயங்களைப் புத்தர் அனுமதித்ததாகத் துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல் சொல்கிறது. நம் இலங்கையில் பலாமரச் சீவலைக் கொதிக்கவைத்துத் துறவியின் உடையான சீவரத்துக்குச் சாயம் ஏற்றும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. நாம் தேநீரையும் தேயிலைச் சாயம் என்றுதான் சொல்கிறோம்.

ஆக, கிரேக்கத்தில் துவர்ப்புச் சுவையிலிருந்து துறவு மனப்பான்மை வந்தது. இங்கே துவர்ச் சாயத்திலிருந்து துறவியின் ஆடைக்குப் பெயர் வந்தது. முன்னே சொன்ன எச்சரிக்கையை இங்கே திரும்பச் சொல்ல வேண்டும். துவரும் அவ்ஸ்தேரோசும் உறவுச் சொற்கள் அல்ல. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வகுப்பில் சொல்லியும் கொடுக்காதீர்கள். எங்கோ இரண்டு கரைகளில் இரண்டு மக்கள் காய்ப் பழத்தைக் கடித்துவிட்டு ஒரே வறட்சியை உணர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமான அதிசயம். உண்மையான உறவு வேண்டுமென்றால் வடமொழியில் இருக்கிறது. உலர்ந்த என்று பொருள்படும் ‘சுஷ்க’ என்ற சொல்லும் கிரேக்கச் சொல்லின் அடியும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் வாடிய, சருகான என்று பொருள்படும் ‘சியர்’ என்ற சொல்லும் அந்த வேர்தான்.

சுவையிலிருந்து மனிதருக்குத் தாவுவது எளிது. ‘இனிமையானவர்’, ‘கசப்பான பேச்சு’, ‘காரமான பதில்’ என்று நாமும் சொல்கிறோமே. இனிப்பில்லாத மது போல, தன்னிடம் வருகிறவரை வசப்படுத்த முயலாத ஒருவர். சிரித்துப் பேசி இளக்கம் காட்டாத ஒருவர். புதிய ஏற்பாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. லூக்கா சுவிசேஷத்தின் 19ஆம் அதிகாரத்தில், எசமான் கொடுத்த ராத்தலைச் சீலையில் முடிந்து வைத்த வேலைக்காரன், ‘நீர் கடினமுள்ள மனுஷன்’ என்று சொல்கிறான். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது நம் துவர்ப்புச் சொல். 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் ‘ஒஸ்டியர்’ என்றே எழுதியது. இதே போன்ற கதை மத்தேயு 25ஆம் அதிகாரத்திலும் வருகிறது. ஆனால் அங்கே கிரேக்கத்தில் இருப்பது கெட்டி, வன்மை என்று பொருள்படும் வேறு சொல். ஆங்கிலம் அதற்கேற்ப வேறு சொல்லைப் போட்டது. தமிழில் இரண்டு இடத்திலும் ‘கடினமுள்ள மனுஷன்’ என்றே இருக்கிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருந்தாலும் கல்லின் கடினம் வேறு, துவரின் கடினம் வேறு.

அந்தக் கதையைச் சிறுவயதில் கேட்டபோது எங்கள் கண்முன் வந்தது கொழுந்து நிறுக்கும் மடுவம்தான். ராத்தல் என்ற சொல்லே எங்களுக்குத் தராசின் சொல். கூடைக்கு, சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்துக்கொண்டு ஏட்டில் எழுதுவதைப் பார்த்தபடி அம்மாமார் வரிசையில் நிற்பார்கள். ‘விதைக்காததை அறுக்கிறவர்’ என்ற வரிக்கு எங்களில் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

சொல் பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கண்டிப்பான மனிதருக்கு, கடுமையான நோன்புக்கு, பிறகு அலங்காரமில்லாத கட்டடத்துக்கும் எழுத்துநடைக்கும் என்று பரவியது. இந்த எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக ஒரு நூல் ஓடுகிறது. இனிப்பைச் சேர்த்திருக்கலாம், ஆனால் சேர்க்கவில்லை. மெத்தையில் படுத்திருக்கலாம், ஆனால் பாயைத் தேர்ந்துகொண்டார். சுவரில் சித்திரம் தீட்டியிருக்கலாம், வேண்டாம் என்று வெள்ளை அடித்தார்கள். மலைக்குகையில் வாழும் ஆரண்யத் துறவியின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால் குறித்தால் அதில் மரியாதை இருக்கிறது. முன்னால் சொன்ன மதிப்பு அதுதான். ஒருவர் தானாக விரும்பி விட்டுவைத்த இடம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இதன் அண்டைவீட்டுச் சொற்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளியும். ‘ஸ்ட்ரிக்ட்’ என்பது இறுகக் கட்டு என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது, அதில் இருப்பது கயிற்றின் இறுக்கம். துவர்ப்புக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ‘அஸ்ட்ரிஞ்சன்ட்’ என்ற சொல்லும் அதே வினையிலிருந்து வந்ததுதான். ‘ஸ்டார்க்’ என்பது விறைப்பு. துணிக்குப் போடும் கஞ்சியின் ஆங்கிலப் பெயரும் அதன் உறவு. கஞ்சி போட்டுக் காய்ந்த வேட்டியை நினைத்துக்கொண்டால் அந்தச் சொல்லை மறக்கமாட்டீர்கள். ‘ப்ளீக்’ என்பது வெளிறல். வெளுக்கும் மருந்துக்குள்ள ஆங்கிலப் பெயரோடு உறவுடையது. தேயிலையைப் பிடுங்கிவிட்டு அப்படியே போட்ட மலைச்சரிவில், ஆகஸ்ட் மாதத்து மூடுபனியில், காற்று மட்டும் போய்வரும் இடத்துக்கு அந்தச் சொல் பொருந்தும். இவை எதிலும் ‘தானாகத் தேர்ந்தது’ என்ற நிழல் இல்லை. ஒஸ்டியரில் மட்டும்தான் இருக்கிறது.

அப்படியானால் சிக்கன நடவடிக்கை எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் பிரித்தானியாவில் உணவும் துணியும் பங்கீட்டில் கிடைத்தன. போர் நடந்தபோதுகூடப் பங்கீட்டுக்குள் வராத பாண், போர் முடிந்த பிறகு 1946 முதல் 1948 வரை பங்கீட்டில் இருந்தது. பங்கீடு முழுமையாக ஒழிந்தது 1954இல்தான். 1947இல் நிதியமைச்சரான ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸின் பெயரோடு இந்தச் சொல்லை அடைமொழியாகவே சேர்த்து அழைத்தார்கள். தனிமனிதர் தனக்கு விதித்துக்கொண்ட ஒறுத்தலுக்கான சொல் அப்போது அரசு மக்களுக்கு விதிக்கும் ஒறுத்தலுக்குப் பெயரானது. 2010இல் கிரேக்க நாடு கடனில் மூழ்கியபோது இந்தச் சொல்லை அகராதியில் தேடியவர்கள் அவ்வளவு பேர். மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதையே அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது. கிரேக்க மொழி உலகுக்குக் கொடுத்த சொல் அது. ஆனால் கிரேக்கர்கள் தங்கள் நாட்டில் நடந்த அதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. எளிமை என்று பொருள்படும் ‘லித்தோத்திதா’ என்ற சொல்லைச் சொன்னார்கள். அவ்ஸ்தேரோஸ் இன்றும் அவர்கள் வாயில் இருக்கிறது, கண்டிப்பான ஆசிரியரைக் குறிக்க.

நமக்கு அந்தச் சொல் வீட்டு வாசலுக்கு வந்தது 2022க்குப் பிறகு. அந்த ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. ஆங்கிலப் பத்திரிகைகள் ‘ஒஸ்டெரிட்டி’ என்று எழுத, தமிழ்ப் பத்திரிகைகள் ‘சிக்கனம்’ என்று எழுதின. மொழிபெயர்ப்பாளராக முப்பது ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் இங்கே என் கருத்தை அழுத்தமாகவே சொல்கிறேன். அது தவறான மொழிபெயர்ப்பு. சிக்கனம் என்பது என் கையில் இருக்கும் காசை நான் இறுக்கிப் பிடிப்பது. அது ஒரு நற்குணம். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பழக்கம். இன்னொருவர் என் தட்டிலிருந்து எடுப்பதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தால், எடுத்தவருக்கு ஒரு நற்பெயரும் எனக்கு ஒரு புத்திமதியும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். செலவுக் குறைப்பு என்று எழுதினால் போதும். மானியத்தை நிறுத்தினால் மானியத்தை நிறுத்தினார்கள் என்று எழுதலாம். வரியைக் கூட்டினால் வரியைக் கூட்டினார்கள் என்று எழுதலாம். தமிழில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை.

இனி உங்கள் மாணவியின் காம்பரா.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), பக்கத்துக் காம்பராவோடு பொதுச் சுவர், தகரக் கூரை. அங்கே கட்டில் இல்லாதது யாரும் கட்டில் வேண்டாம் என்று சொன்னதால் அல்ல. ஜன்னல் சிறியதாக இருப்பது யாருடைய ரசனையாலும் அல்ல. நூற்றாண்டுக்கு முன்பு யாரோ ஒருவர் செலவுக் கணக்குப் பார்த்துக் கட்டியது அது. அதை ‘ஒஸ்டியர்’ என்று எழுதினால், அங்கே வாழ்கிறவர்கள் விரும்பி அப்படி வாழ்கிறார்கள் என்ற பொருள் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் அந்த வரியைப் படித்தால் மனத்தில் ஒரு மடாலயத்தைத்தான் காண்பார். உங்களுக்கு அன்றிரவு நெருடியது இதுதான். உங்கள் காது சரியாகவே வேலை செய்திருக்கிறது.

அந்த அறைக்கு வெறுமை என்ற பொருளில் ‘பெயர்’ (bare) என்று எழுதலாம், நெருக்கடி என்ற பொருளில் ‘கிராம்ப்ட்’ என்று எழுதலாம். ‘ப்ளீக்’ என்று எழுதுவது அவள் விருப்பம். ஆனால் அது அறையைவிடப் பார்ப்பவரின் மனத்தைச் சொல்லும் சொல். பிள்ளைக்குத் தன் வீட்டைப் பார்த்தால் அப்படித் தோன்றுகிறதா என்பது அவளுக்குத்தான் தெரியும். நாம் தோன்றவைக்கக் கூடாது.

இங்கே நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. காரணம் என் அம்மா.

1973, 1974 ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலம். எனக்குப் பத்து வயது. கூப்பனுக்குக் கிடைத்த சீனியை அம்மா ஒரு பழைய பால்மா டின்னில் போட்டு, மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில், எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்தார். காலையில் ஐந்து மணிக்கு அடுப்பு வெளிச்சத்தில் நாங்கள் நான்கு பேரும் வரிசையாக உட்காருவோம். தேயிலைச் சாயத்தைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை சீனி வைப்பார். ஒரு வாய் குடித்து ஒரு முறை நக்க வேண்டும். கடைசி வாய்க்கும் சீனி மிஞ்சும்படி குடிப்பதில் எங்களுக்குள் போட்டியே நடக்கும். அம்மா நின்றபடியே தன் கோப்பையைக் குடிப்பார். கையில் ஒன்றும் இருக்காது. “அம்மாவுக்கு?” என்று என் தம்பி கேட்டால், “எனக்குச் சீனி ஒத்துக்கொள்ளாது” என்பார். நாங்கள் நம்பினோம். 1978 அளவில் கடைகளில் சீனி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. ஒருநாள் நான் பாடசாலையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டேன். அம்மா இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்து, கோப்பையில் இரண்டு கரண்டி சீனி போட்டு, நிதானமாகக் கலக்கிக்கொண்டிருந்தார்.

நம் ஊரில் இதற்கு ‘வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி’ என்று ஒரு வழக்கு இருக்கிறது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள் என்போம். ஆங்கிலத்தில் ஒஸ்டியர் என்ற சொல்லுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பஞ்சம் அம்மா தேர்ந்துகொண்டதல்ல. அந்தப் பஞ்சத்துக்குள்ளே, தன் பங்குச் சீனி வேண்டாம் என்றது அவர் தேர்ந்துகொண்டது. எங்கள் காம்பராவை அந்தச் சொல்லால் யாராவது குறித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். என் அம்மாவைக் குறித்திருந்தால் தலைவணங்கியிருப்பேன்.

ஆகையால் உங்கள் மாணவியின் தாளைத் திரும்ப வாங்கிச் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டாம். பத்தாம் வகுப்பில் அந்தச் சொல்லைத் தேடிக் கண்டுபிடித்த பிள்ளை அவள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கோப்பை பிளேன்டீ கொடுங்கள், சீனி இல்லாமல். நாக்கு என்ன சொல்கிறது என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிறகு சொல்லின் கதையைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: உங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்குரியவர் யாராவது இருக்கிறார்களா? தனக்கு இருந்ததை வேண்டாம் என்று சொன்னவர்? அவளுக்கு உடனே ஒரு முகம் நினைவுக்கு வரும் என்றே நினைக்கிறேன். அறையைப் பற்றிய வாக்கியத்தில் சொல்லை மாற்றிக்கொள்ளட்டும். ஒஸ்டியரை அந்த மனிதரைப் பற்றிய புது வாக்கியம் ஒன்றில் வைக்கட்டும்.

உச்சரிப்பையும் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். நம் பிள்ளைகள் முதல் அசையை அழுத்தி, முன்னே சொன்ன தென்றிசைக் காற்றாகவே ஆக்கிவிடுகிறார்கள்.

அவள் என்ன எழுதினாள் என்று எனக்கும் அனுப்பிவையுங்கள்.